எண்ணெய் விளம்பரத்தில் என் முகம்

என் உதட்டோரத்தில் முதல் வெண்புள்ளி வந்தபோது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அது கழுத்துக்கும் இரண்டு கைகளுக்கும் பரவிவிட்டது. பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக இடம் மாறினார்கள். ஒருத்தி மட்டும் மாறவில்லை. மதியம் என் டப்பாவில் கையை விட்டு எலுமிச்சைச் சோற்றை எடுத்துச் சாப்பிடுவாள். "ஒட்டிக்கும்டி" என்று மற்றவர்கள் சொன்னால், "ஒட்டிக்கினா ரெண்டு பேரும் ஒரே கலர்ல இருப்போம், போங்கடி" என்பாள்.

அப்படி ஆரம்பித்த பழக்கம் இருபது வருடம் நீடித்தது. நான் பட்டுச் சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலைக்குப் போனேன். அவள் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பியூட்டி பார்லர் வைத்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே ஏறி ஒரு டீ குடிக்காத நாள் குறைவு.

நான் போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டேன். சொந்தக்காரர் கல்யாண ஆல்பங்களில் எல்லாம் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால்தான் இருப்பேன். என் போனில் அன்னமும் மயிலும் ருத்ராட்சக் கரையுமாக ஆயிரம் படங்கள் இருக்கும். நான் இருக்க மாட்டேன். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போன ஆடி மாதம், கல்யாண வேலை இல்லாமல் பார்லர் காலியாகக் கிடந்தபோது அவள் கேட்டாள்.

"தழும்பு, புள்ளி எல்லாம் மறைக்கிற மேக்கப் ஒண்ணு கத்துக்கினு வந்திருக்கேன்டி. ஒனக்குப் பண்ணிப் பாக்கட்டுமா? முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போட்டோ எடுத்துக்கறேன். எனக்கு நோட்டு மாதிரி. என் போனை விட்டு வெளிய போவாது."

நான் தயங்கினேன். "என்கிட்ட கூடவாடி?" என்றாள். துப்பட்டாவை எடுத்து மடித்துவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் படம் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பச் சொன்னாள், திருப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தபோது, பன்னிரண்டு வயதில் காணாமல் போன முகம் அதில் இருந்தது. அவள் கண் கலங்கினாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இரண்டாவது படமாக எடுத்தாள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோவில் வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை.

"யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த எண்ணெ விளம்பரத்துல வர்றது நீங்கதான?"

"எந்த எண்ணெய்?"

போனை எடுத்துக் காட்டினாள். என் கழுத்து. என் உதடு. பக்கத்திலேயே, புள்ளியே இல்லாத என் சிரிப்பு. மேலே பெரிய எழுத்தில், மூன்றே மாதத்தில் குணம் என்று போட்டிருந்தது. எனக்கு ஏதோ ஒரு பெயர் வைத்து, கோயம்புத்தூர் இல்லத்தரசி என்று எழுதியிருந்தார்கள். அந்த எண்ணெய்க்கு நான் நன்றி சொல்வதாகவும் நான்கு வரி இருந்தது.

"உங்களப் பாத்துட்டுத்தான்கா வாங்கனேன். காசு கொடுத்து நடிக்கிறவங்க மாதிரி தெரியல, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்தீங்க" என்றவள், என் கையை மறுபடி பார்த்தாள். "உங்களுக்குத் திரும்பி வந்துடுச்சா?"

பிறகு குழந்தையின் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே, வெண்புள்ளி இருந்த இடத்தில் தோல் வெந்ததுபோலச் சிவந்து உரிந்திருந்தது. எண்ணெய் போட்ட நான்காவது நாளே கொப்புளம் வந்ததாம்.

"அது மேக்கப்மா. நான் அந்த எண்ணெயக் கண்ணாலகூட பாத்தது இல்ல" என்றேன். அவள் என்னை நம்பினாளா என்று அப்போது தெரியவில்லை. அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. அவளிடம் பொய் சொன்னது என் முகம்.

அந்த விளம்பரத்தை என் போனிலும் தேடி எடுத்துக்கொண்டு நேராகப் பார்லருக்குப் போனேன். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போகும்வரை காத்திருந்து, போனை நீட்டினேன். அவள் அதை வாங்கக்கூட இல்லை. எட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. ஏற்கெனவே பார்த்திருக்கிறாள்.

"எப்பத்துலருந்து தெரியும்?"

"கார்த்திகையில பாத்தேன்."

கார்த்திகை முழுவதும், மார்கழி முழுவதும் நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

பார்லருக்கு க்ரீம் சப்ளை செய்கிறவன் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு விளம்பரத்துக்கு வேண்டும் என்று கேட்டானாம். பதிலுக்கு, பார்லருக்காக அவள் வைத்திருக்கும் இணையப் பக்கத்தை நிறையப் பேர் பார்க்கும்படி செய்து தருகிறேன் என்றானாம். "மூஞ்சி தெரியாத மாதிரி கழுத்து மட்டும் போடறேன்னான்டி. நானும் நம்பிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ."

நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"இப்ப ஒனக்கு இன்னாடி கொறஞ்சிபோச்சி? ஊரே தெனம் பாக்கற மூஞ்சிதான?"

இருபது வருடத்தில் என் தோலைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அவள் குத்தலாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள், விளம்பரம் வந்த இணையதளத்திலேயே அதன் மேல் புகார் கொடுத்தேன். விதிமுறைகளை மீறவில்லை என்று பதில் வந்தது. விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல், ரொம்பப் பணிவாக, "எத்தன வருஷமா இருக்குது மேடம்? எந்தெந்த எடத்துல?" என்று கேட்டது.

"அந்தப் படத்துல இருக்கறது நான்தான்" என்றேன்.

"இல்ல மேடம், அவங்க எங்க கஸ்டமர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த எண் என் அழைப்பை ஏற்கவே இல்லை.

சைபர் குற்றப் பிரிவில் ஒரு பெண் போலீஸ் என் மனுவை வாங்கினார். "அசிங்கமான படம் எதாவது போட்டிருக்காங்களாமா?" என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "இது அதவிட மோசம்மா" என்றார். ஒரிஜினல் படம் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். அது அவள் போனில் இருந்தது.

என் படத்தை என்னிடமே கொடு என்று அவளுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. இரண்டு அல்ல, பதினொன்று. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பாதி முகத்துக்கு மட்டும் பூசியது என்று நான் அறியாமல் எடுத்தவையும் அதில் இருந்தன. கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

விளம்பரம் நீங்கும்வரை சும்மா இருக்க மனம் வரவில்லை. பூக்கடைக்காரரிடம் விசாரித்து, அந்தத் தாயை ஓரிக்கையில் தேடிக் கண்டுபிடித்தேன். ஒருநாள் லீவு போட்டு, அவளையும் குழந்தையையும் அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். புண் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்தத் தாய் என்னிடம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வெளிச்சத்தில் நின்று, துப்பட்டா இல்லாமல், நானே என்னைப் படம் எடுத்தேன். விளம்பரத்தையும் அதையும் சேர்த்து வைத்து, 'இது நான். விளம்பரத்தின் இரண்டாவது படத்தில் இருப்பது மேக்கப். இந்த எண்ணெயை நான் தொட்டதில்லை, நீங்களும் தொடாதீர்கள்' என்று எழுதி அதே தளத்தில் போட்டேன். தைரியத்தில் செய்ததல்ல அது. மறைத்துவைக்க என்னிடம் எதையும் அவள் மிச்சம் வைக்கவில்லை. முன்பின் தெரியாத பலர் அதைப் பகிர்ந்தார்கள். இரண்டு பேர், தங்களுக்கும் கொப்புளம் வந்ததாக எழுதினார்கள். அதையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தேன்.

பங்குனி கடைசியில் அந்தப் பெண் போலீஸ் போன் செய்தார். விளம்பரம் போட்ட பக்கத்தை முடக்கிவிட்டார்கள், சப்ளைக்காரனை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் வேறு மொழிகளில், வேறு பெயர்களில் என் படம் இன்னும் எங்கேயாவது இருக்கலாம், பார்த்தால் சொல்லுங்கள் என்றார். சரி என்றேன்.

போனை வைத்ததும், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. விரல் தானாகப் போய் அவள் எண்ணில் நின்றது. நல்லதோ கெட்டதோ, முதலில் அவளிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.