வரிசையில் கேட்ட கேள்வி

போன வாரம் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையம். பிரசவம் பார்க்கிற நர்ஸ்களுக்கு டிரெய்னிங். நடத்தியது நான். வருஷக்கணக்காக இதே பாடம்... அலுத்துவிட்டது.

என்ன பாடம்? கர்ப்பிணியிடம் குடிப்பழக்கம் பற்றி எப்படிக் கேட்பது. தனியாகக் கூப்பிடு. மாமியாரை வெளியே உட்கார வை. திட்டாதே. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று சொல், நிறுத்த உதவு. இவ்வளவுதான்.

"நம்ம பக்கத்துப் பொம்பளைங்க எங்க மேடம் குடிக்குது? புருஷன்காரனைக் கேளுங்க" என்றார் நர்ஸ் கமலா. ஹாலே சிரித்தது.

மறுநாள் செவ்வாய், கர்ப்பிணிகள் செக்கப். வராந்தாவில் நீள வரிசை. படித்ததைச் செய்து காட்டச் சொன்னேன். கமலா பி.பி. பார்த்தபடியே, அத்தனை பேர் நடுவில் சத்தமாகக் கேட்டார்.

"இன்னா செல்வி, குடி கிடி உண்டா?"

செல்வி சிற்பப் பட்டறையில் சிலைகளுக்குப் பாலிஷ் போடுகிறவள். ஏழு மாதம்.

"பொய் சொல்ல மாட்டேன் நர்சம்மா. நாள் பூரா குந்திகினு கல்லு தேய்ச்சா இடுப்பு உட்டுப் போவுது. ராவுல ஒரு கட்டிங் போட்டாதான் கண்ணு மூடுது. அவரேதான் ஊத்திக் குடுப்பாரு."

வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "சைடு டிஷ் இன்னாடி?"

கமலா பிடித்துக்கொண்டார். "த்தூ... நீயெல்லாம் ஒரு தாயா? புள்ளைய ஊனமாப் பெத்துப் போடப் போற."

செல்வி எழுந்து போய்விட்டாள். மருந்துகூட வாங்கவில்லை.

புருஷன் குடித்தால் அது உடம்பு வலிக்காக. அவன் ஊற்றிக் கொடுத்து இவள் குடித்தால் மட்டும் மானக்கேடா? ஊருக்கு ஊர் ஒயின் ஷாப் இருக்கிறது. இடுப்பு வலிக்கு ஒரு வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

கமலாவை வாங்கு வாங்கென்று வாங்கினேன். தனியாகத்தான் — கதவைச் சாத்திவிட்டு.

மனசு கேட்காமல் இந்தச் செவ்வாயும் போனேன். நல்லவேளை, செல்வி வந்திருந்தாள். இந்த முறை கமலா எல்லாம் சரியாகச் செய்தார். தனி ரூம். மெல்லிய குரல். கூட நான் மட்டும்.

"அய்ய, அதெல்லாம் இல்ல நர்சம்மா. அன்னிக்கு சும்மா தமாசுக்கு சொன்னேன்" என்றாள் செல்வி, தரையைப் பார்த்து.

"இடுப்பு வலிக்கு இப்ப என்னம்மா பண்றே?" என்று நான் கேட்டேன்.

"வலியே இல்லீங்க."

ஏழு மாத வயிறு. அதே பட்டறை, அதே கல். வலியே இல்லையாம்.

அவள் போனதும் கமலாவுக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா மேடம்? ஒரே டோஸு. நிறுத்திட்டா."

எங்கள் டிரெய்னிங்கில் பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவள் செல்வி ஒருத்திதான்.