பத்து நிமிஷத்து ஊற்று

நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மலைக்கிராமத்தில் தண்ணீர் நிலவரம் விசாரிக்கப் போளூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஆண்களுக்கு ஒரு தாள், பெண்களுக்கு ஒரு தாள். கேள்விகள் இரண்டிலும் ஒன்றுதான். எந்த ஊருக்கு முதலில் குழாய் போடுவது என்பதை அந்தத் தாள்களை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம்.

வெளியாட்கள் முன்னால் ஊரை விட்டுக்கொடுத்துப் பேச அப்பாவுக்கு வராது. "தண்ணிக்கு இன்னாம்மா கஷ்டம்? மலை ஊத்து இருக்குது. பத்து நிமிஷத்துல போய்ட்டு வந்துர்லாம்" என்றார். சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா, தன் முறை வந்தபோது தலை நிமிராமல், "ஒரு நடை போய் வர ஒன்றரை மணி நேரம் ஆவுங்க" என்றாள்.

அக்கா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வூட்டுக்கு ரெண்டு ஊத்துங்களாண்ணா?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்க, நானே காட்டுறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் பின்னால் அக்கா, அப்புறம் குடத்தோடு அம்மா, கடைசியில் நான். பலாமரத்தருகே பாதை பிரிந்தது. அம்மா தினமும் போவது இடப்பக்கம். அப்பா வலப்பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் கிள்ளினாள்.

வெகுநேரம் நடந்து ஒரு பள்ளத்தை அடைந்தோம். காய்ந்த பாறையும், அதன்மேல் படுத்திருந்த மூன்று ஆடுகளும்தான் இருந்தன. "இங்கதாம்மா இருந்துச்சு. சின்ன வயசுல இதுலதான் குளிப்பேன்" என்றார் அப்பா.

"அது வத்திப் போய் இவ வயசு ஆவுதுங்க" என்று என்னைக் காட்டி அம்மா அக்காவிடம் சொன்னாள்.

பிறகு அம்மா முன்னால் நடந்தாள். உண்மையான ஊற்றில், பாறையிடுக்கில் கசிவதைச் சொம்பால் மொண்டு மொண்டுதான் குடத்தை நிரப்ப வேண்டும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது குடத்தை அவரே தோளில் தூக்கிக்கொண்டார். வழியில் நான்கு முறை இறக்கி வைத்தார். ஒவ்வொரு முறையும் எதிரே தெரிந்த மலையைப் பற்றி அக்காவுக்கு ஏதாவது ஒரு தகவல் சொன்னார். வீடு வந்தபோது சட்டை முழுக்க நனைந்து, குடத்தில் பாதிதான் மிஞ்சியிருந்தது.

"இப்ப இன்னான்னு எழுதட்டும்ணா?" என்றார் அக்கா.

"அரை மணின்னு போடுங்க" என்றவர், அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவ சொன்னதையே போட்டுருங்க" என்றார்.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். குழாய் வேண்டுமென்று பெண்கள் பின்வரிசையிலிருந்து எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருந்தார்கள். யார் காதிலும் ஏறியதில்லை. அன்று அப்பா எழுந்தார். இடுப்பு வலியில் ஆரம்பித்து, வழுக்குப் பாறை, மொண்டு மொண்டு மரத்துப்போகிற விரல்கள் என்று, பிறந்ததிலிருந்து குடம் சுமந்தவர் போலப் பேசினார். பெரியவர்கள் நியாயம்தான் என்று தலையாட்டி, அங்கேயே மனு எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் கூட இருந்த பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பேச்சு அவர்களை அழ வைத்துவிட்டது என்றே நினைத்தேன்.