மானசரோவர்த் தண்ணீர் ஒரு போத்தல்

பாரிஸ் லா சப்பலில், யாத்திரைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற அண்ணையின் கடைக் கண்ணாடியில் இந்த வருடமும் ஏரியின் படத்தை ஒட்டிவிட்டார்கள். நீலத் தண்ணீர், பின்னால் வெள்ளை மலை, மேலே ‘மானசரோவர் யாத்திரை, இடங்கள் குறைவு’ என்று சிவப்பு எழுத்து. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போகிறேன். கறிவேப்பிலையும் இப்போது வேறு கடையில்தான் வாங்குகிறேன்.

அந்த யாத்திரைக்கு நானும் என் கணவருமாகச் சேர்ந்து போகத்தான் பெயர் கொடுத்திருந்தோம். உணவகங்களில் கோப்பை கழுவியே இடுப்பு ஒடிந்த மனிதர் அவர். பென்ஷன் எடுத்ததும் முதல் வேலை கைலாசம் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பென்ஷனும் வந்தது, கூடவே ஈரலில் புற்றுநோயும் வந்தது. புறப்படுவதற்குச் சில கிழமைகள் இருக்கும்போது டொக்டர் எங்கள் மகளைத் தனியே கூப்பிட்டுப் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். மகள் எனக்குத் தமிழில் சொன்னது ஒரே வசனம்தான்.

“அம்மா, இனி ஒண்டும் செய்யேலாதாம்.”

நான் போகவில்லை என்றேன். அவர்தான் விடவில்லை.

“நான் வராட்டிப் பரவாயில்லை. நீர் போய் அந்தத் தண்ணியைக் கொண்டு வாரும். சாகிற நேரம் என்ரை வாயிலை அதை விடவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

சாகக் கிடக்கிற மனிசனை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறாள் என்று நாங்கள் குடியிருக்கிற சார்செலில் கதைத்தார்கள். கதைக்கட்டும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. மகள் லீவு போட்டு அவருடன் இருந்தாள், நான் புறப்பட்டேன்.

கடைக்கார அண்ணைதான் குழுவுக்குத் தலைவர். காசிக்கு ஆட்களைக் கூட்டிப்போய் வந்த அனுபவம் உண்டு, ஆனால் கைலாசப் பக்கம் அவருக்கும் அதுதான் முதல் தரம். காத்மண்டுவிலிருந்து பஸ்ஸில் நாட்கணக்காக ஏறினோம். ஏற ஏறத் தலை பிளந்தது, சோறு தொண்டையில் இறங்கவில்லை. திரான்சியிலிருந்து வந்த ஒரு அக்கா ஒக்சிசன் குழாயை மூக்கில் வைத்தபடியே மூச்சு வாங்கி வாங்கித் தேவாரம் பாடினார். அதைக் கேட்டுச் சிரித்த எனக்கும் மூச்சு முட்டியது.

ஏரிக்கரையில் இறங்கும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. ஏரிக்குள் இறங்கிக் குளிக்க இப்போது அனுமதியில்லை. வாளியில் அள்ளிக் கரையில் நின்று தலையில் ஊற்றிக்கொண்டார்கள். எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மலையைப் பார்க்கவேயில்லை. கலங்கல் இல்லாத இடமாகப் பார்த்துப் போத்தலை நிரப்பி, மூடியை இறுக்கி, கவிழ்த்துப் பார்த்து, மறுபடியும் இறுக்கினேன். கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன? டொக்டர் சொல்லியாயிற்று.

திரும்பி வந்து காத்மண்டு ஹோட்டலில் பெட்டி அடுக்கும்போது அண்ணையிடம் கேட்டேன்.

“அண்ணை, போத்தலைப் பெரிய பெட்டிக்குள்ளை வைப்பமே? கையிலை கொண்டுபோனால் பிளேனிலை ஏத்தவிடாயினம் எண்டு மகள் சொன்னவள்.”

“என்ன கதை கதைக்கிறியள் தங்கச்சி? செருப்பும் ஊத்தை உடுப்பும் கிடக்கிற பெட்டிக்குள்ளை தீர்த்தத்தை வைக்கிறதோ? மடியிலை வைச்சுத்தான் கொண்டுபோக வேணும். இது பசுபதிநாதர் இருக்கிற ஊர். எங்கடை ஆக்கள்தானே, சொன்னால் விடுவினம்.”

சிவசிவா என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் யாருக்கும் சொல்லாமல் பெட்டிக்குள் வைத்திருக்கலாம்தான். ஆனால் சப்பாத்துக்கும் உள்பாவாடைக்கும் நடுவில் அவருடைய கடைசித் தண்ணீரைச் செருக எனக்கும் மனம் வரவில்லை.

விமான நிலையத்தில் பைகளைச் சோதித்தவர் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. ‘மானசரோவர், மானசரோவர்’ என்று தன் போத்தல் ஒன்றை நீட்டினார். அந்த மனிதர் அதை வாங்கித் தன் கண்களில் பக்தியோடு ஒற்றிக்கொண்டார். ஒற்றிவிட்டுப் பக்கத்திலிருந்த தொட்டிக்குள் போட்டார். சத்தம் போட்டோம், கெஞ்சினோம். வேண்டுமானால் இங்கேயே நின்று குடியுங்கள் என்று கையால் காட்டினார்.

தீர்த்தம் குப்பைக்குப் போகக்கூடாதென்று அண்ணைதான் முதலில் அண்ணாந்து குடித்தார். அண்ணையின் பையைக் கவிழ்த்து, இருந்த போத்தல்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள். முடிந்ததைக் குடித்தார், மிச்சம் தொட்டிக்குள் போனது. பிறகு நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று குடித்தோம். என் கணவருடைய வாயில் விடவென்று கொண்டுவந்த தண்ணீரை நான் நின்ற நிலையில் மடமடவென்று குடித்து முடித்தேன். வயிறு நிறைந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பாரிஸில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

“கொண்டு வந்தனீரோ?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“நீர் குடிச்சிட்டீரோ?” என்றார்.

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகளோடு பேசினார், தாதியோடுகூட அரைகுறைப் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசினார். என்னோடு பேசவில்லை. நான் கால்மாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை பார்க்க வந்தார். கையில் மஞ்சள் துணி சுற்றிய சின்னப் போத்தல்.

“ஒண்டை மட்டும் மறைச்சுக் கொண்டந்தனான் தம்பி. உமக்கெண்டுதான்.”

என்னைப் பார்க்காமலே சொன்னார். அவருடைய பை கவிழ்ந்ததைக் கண்ணால் கண்டவள் நான். துணியை அவிழ்த்தபோது போத்தலில் லேபிளை உரித்திருந்தது தெரிந்தது. நீல மூடியை மாற்ற மறந்துவிட்டார். சார்செலில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கடையில் அடுக்கி விற்கிற அதே தண்ணீர். அதைப் பறித்து எறியத்தான் எழுந்தேன். அதற்குள் என் கணவர் வாயைத் திறந்துவிட்டார்.

அண்ணை கரண்டியால் விட்டார். இவர் கண்ணை மூடி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார்.

“குளிரைப் பாருங்கோ அண்ணை. மலைக் குளிர்,” என்றார்.

மாதக்கணக்காக நோவில் சுருங்கிக் கிடந்த முகம் விரிந்தது. நான் திரும்பி வந்தபிறகு முதல்தரம் என் பக்கம் பார்த்தார்.

“உமக்கு ஏலாமல் போட்டுது. அண்ணை கொண்டு வந்திட்டார், பாத்தீரே? போய் அவருக்கு ஒரு தேத்தண்ணி எடுத்துக் குடும்.”

“ஓம்” என்றேன்.

கீழே போய் மெஷினில் சீனி போட்ட தேநீர் எடுத்தேன். கடதாசிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் மேலே கொண்டுவந்து அண்ணையிடம் கொடுத்தேன். குனிந்த தலை நிமிராமல் வாங்கிக் குடித்தார். என் கணவர் அதற்குள் தூங்கியிருந்தார். பிறகு அவருக்கு நினைவு திரும்பவேயில்லை. இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்ததில் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது, அண்ணைக்குத் தேத்தண்ணி குடும் என்பதுதான்.