ஆராயி கழுவிய ரூபாய்கள்

பதினாறு வருஷமாக ஆராயிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் ரங்கனின் கொலுசுப் பட்டறையில் வேலை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொலுசுகளைப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். விரல் தோல் வெடித்துப் போயிருந்தது. ஆனால் எது வெள்ளி, எது முலாம் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள்.

யுத்த காலம். காகித நோட்டை நம்ப ஆளில்லை. தங்கை மகள் வசந்தாமணிக்குப் பரிசம் பேசியபோது, தங்கை புருஷன் அர்த்தநாரி ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்தான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளையின் அப்பா கந்தப்பன் எருதை விற்று, ஐம்பத்தொரு ரூபாயைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

தட்டு மின்னியது. ஆராயி ஒரு காசை எடுத்துப் பார்த்தாள். ராணியின் கன்னம் தேய்ந்து மழுங்கியிருந்தது. அவ்வளவு பழைய காசில் எழுத்துச் சந்துகளில் கறுப்பு ஏறியிருக்க வேண்டும். அங்கேயும் வெள்ளை. விளிம்பு வரிகள் அடைபட்டிருந்தன. எழுந்துபோய் அம்மிக்கல்லில் ஓரத்தைத் தேய்த்தாள். செம்பு சிவந்தது. மற்றதையும் பார்த்தாள். பாதிக்கு மேல் அப்படித்தான்.

"கள்ள ரூவாங்க இது. முலாம் தேஞ்சு போனதுக்கு மறுக்கா முலாம் பூசியிருக்குது."

"நங்கையா, பேசாம இருங்க. கண்ணாலம் நின்னு போயிரும்" என்று அர்த்தநாரி மனைவியின் அக்காளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"நின்னா நிக்கட்டும்! செம்பக் குடுத்துப் புள்ளயக் கூட்டிட்டுப் போவாங்களா?"

கந்தப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. "சத்தியமாத் தெரியாதுங்க அம்மிணி. எருது வித்த நோட்டச் செவ்வாப்பேட்டை ரங்கங்கிட்டக் குடுத்து மாத்திட்டு வந்தனுங்க."

ஆராயிக்குச் சுருக்கென்றது. போன மாசம் ரங்கன் ஒரு பைக் காசைக் கொட்டி, "திருவிழாவுல விக்கற பொம்மைக் காசு, கழுவி வையி" என்றான். அவளும் நம்பித் துடைத்து அடுக்கினாள். அவளுடைய கண்ணை ஏய்க்க அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

மறுநாள் காலை கந்தப்பனைக் கூட்டிக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, நாங் கழுவுன பொம்மைக் காசுங்களா இது?"

"உள்ள வா, பேசிக்கலாம்."

"உள்ள என்ன பேச்சு? எருத வித்தவரு நிக்கறாரு. இங்கயே சொல்லுங்க!"

பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை. ரங்கன் நோட்டுகளை எண்ணிக் கந்தப்பன் கையில் திணித்தான். "நாளைலருந்து இந்தப் பக்கம் வராத" என்றான் ஆராயியிடம்.

"உங்காசத் தொட்ட கையே நாறுது. வாரதாவது!"

கல்யாணம் அந்த மாசமே நடந்தது. பரிசத்தை அர்த்தநாரி காகித நோட்டாகவே வாங்கிக்கொண்டான். ஆனால் அந்தத் தெருவில் எந்தப் பட்டறையிலும் ஆராயிக்கு வேலை கிடைக்கவில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் கடலைக்காய் பிடுங்கப் போனாள்.

ரங்கன் மேல் ஒரு வழக்கும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் மாடி வீடு கட்டினான். கூடக் காய் பிடுங்கியவள் அந்தச் சேதியைச் சொன்னபோது, "ஆரு எருத வித்த காசுல கட்டுனானாம்?" என்று கேட்டுக்கொண்டே ஆராயி செடியை வெடுக்கென்று இழுத்தாள். பாதிக் காய் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.