அண்ணை கடக்காத ஆறு

ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரத்தில் நாங்கள் இருந்த அறைக்கு ஒரு படக்காரர் வந்து சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். அவர் எடுப்பது விவரணப்படம். அதாவது பாட்டும் கதாநாயகியும் இல்லாத படம். அதற்கு முதல் கியூபா நாட்டுச் சனங்கள் மெக்சிக்கோ வழியாகத் தரையால் அமெரிக்காவுக்குப் போனதைப் படம் பிடித்துப் பரிசும் வாங்கியிருந்தார். பரிசு வாங்கியவருக்கு அதே படத்தை இன்னொரு தரம் எடுக்க ஆசை. சனம் மட்டும் வேறாக இருந்தால் போதும். இலங்கையிலிருந்து தரைவழியாக வந்த தமிழர் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்ல, கமெராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அறையில் நானும் அண்ணையும். அண்ணை என் கூடப்பிறந்தவர் இல்லை. பக்கத்து ஊர்க்காரர், வயதில் மூத்தவர், என்னோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவர். படக்காரர் முதலில் என்னைப் பார்த்து எப்படி வந்தாய் என்று கேட்டார். விமானத்தில் என்றேன். செத்த மீனைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு அண்ணையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணை தன் தம்பியோடு இராமேஸ்வரத்தில் கப்பலால் இறங்கி, டெல்லி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று பஸ் மாறி மாறி வந்தவர். துருக்கியை விட்டு வெளியேறும் எல்லையில், தம்பியின் பாஸ்போர்ட்டில் முத்திரை சரியில்லை என்று பொலிஸ் அவனை இறக்கிவிட்டது. "நீங்கள் போங்கோ அண்ணை, நான் அடுத்த பஸ்ஸில வாறன்" என்றானாம். அதன்பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணையிடம் மிஞ்சியது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அவனுடைய சின்னப் படம் ஒன்றுதான்.

மொழிபெயர்க்க ஒரு பல்கலைக்கழக மாணவரைப் படக்காரர் கூட்டி வந்திருந்தார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை.

"சார், அவரு கேக்குறாரு, நீங்க எந்த ரிவரை க்ராஸ் பண்ணீங்கன்னு."

"ஆறோ? நாங்கள் பஸ்ஸில எல்லோ வந்தனாங்கள்" என்றார் அண்ணை.

படக்காரரின் முகம் வாடிவிட்டது. கியூபாக்காரர் ஆற்றைக் கடந்தார்கள், ஆறு இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு மனம் இளகாது என்று விளக்கினார். யாழ்ப்பாணத்தானிடம் போய் ஆறு கேட்கிறார்! எங்கள் ஊரில் மழை பெய்தால் ஓடுகிற வாய்க்காலையே ஆறு என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம்.

அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். "ஐசே, இந்தப் படம் டிவியில போகுமாம். துருக்கிக்காரர் இஞ்ச எவ்வளவு பேர் இருக்கினம். லீவுக்கு அந்த எல்லையாலதானே கார் ஓடிப் போய்வருகினம். ஆரோ ஒருத்தன் இவனைக் கண்டிருப்பான். படத்தில தம்பியின்ர முகத்தைக் காட்டுவினமெண்டால் நான் ஆத்துக்கையும் இறங்குவன்."

காட்டுவதாகப் படக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். மறுநாள் ஐப்பசிக் குளிரில் அண்ணை காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ரைன் நதிக்குள் இறங்கினார். கரையில் நாயோடு உலாவ வந்த கிழவர், தற்கொலை என்று நினைத்துக் கத்தினார். அந்தக் கத்தலும் நன்றாக இருக்கிறது என்று படக்காரர் அதையும் பதிந்துகொண்டார்.

பிறகு பேட்டி. பயணம் கடினமா? "ஓம்." பயந்தீர்களா? "ஓம்." தம்பி வருவான் என்று நம்புகிறீர்களா? அண்ணை கண்ணை மூடி, "ஓம்" என்றார். எங்களுக்கு அது ஆமாம் என்ற சொல். கடையில் பாண் இருக்கிறதா என்று கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வோம். மாணவர் ஜெர்மனில் வாயைத் திறக்கப் போனார். படக்காரர் கையைக் காட்டித் தடுத்தார். இந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், இது எனக்கு விளங்கும் என்றார். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஒரு தரம் போய் வயிற்றோட்டத்தோடு திரும்பிய ஜெர்மன்காரர் எல்லோருக்கும் அது விளங்கும்.

டிவிக்கு முதல் ஒரு தேவாலய மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பின்னால் சிதார் அழுதது. அண்ணை எந்த நாட்டு எல்லையிலோ ஆற்றைக் கடந்தார். மந்திர பலத்தால் பாலைவனத்தைத் தாண்டியவர் என்றது ஒரு குரல். அதற்கு அத்தாட்சியாக அண்ணை கண்ணை மூடி ஓம், ஓம் என்றார். தம்பியின் படம் வந்தது. வந்தது என்றால், அதைப் பிடித்திருந்த அண்ணையின் விரல்கள் வந்தன. கோப்பை கழுவி வெடித்த விரல்களில் படக்காரர் சொக்கிப்போய், கமெராவை மிகக் கிட்டக் கொண்டுபோய்விட்டார். பெருவிரலுக்குக் கீழே தம்பியின் ஒரு காது மட்டும் தெரிந்தது. காதை வைத்து யார் யாரைத் தேடுவது?

விளக்குப் போட்டதும் கைதட்டல். அண்ணை எழுந்து நேரே மேடைக்குப் போனார். நான் பிடித்த கையை உதறிவிட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் படத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். முன்வரிசைக்கே தெரியாத அளவுப் படம். பதற்றத்தில் தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லும் அவரைக் கைவிட்டுவிட்டது. தமிழிலேயே கேட்டார்.

"இவன் என்ர தம்பி. இவனை ஆராவது கண்டனீங்களோ?"

மாணவர் மொழிபெயர்க்க எழுந்தார். அதற்குள் முன்வரிசையில் உருத்திராட்சம் போட்டிருந்த ஒரு அம்மா கைகூப்பிக் கண்ணை மூடி, "ஓம்" என்று நீட்டினார். பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்தார். பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவர்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று, அண்ணையைப் பார்த்து, ஒரே குரலில், ஓம் என்றது.

அந்த ஒரு கணம் அண்ணையின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அதற்காக அந்த மண்டபத்தில் இருந்த ஒருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.