தாய்மாமன் மடி

காசிநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. அரியலூரில் ஓர் ஆபீசில் முப்பது வருடமாக நாற்காலியைத் தேய்ப்பவர். தெருமுனைக்கு முட்டை வாங்கக்கூட வண்டியில்தான் போவார். தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். அதையும் ஏதோ பெரிய மனிதரின் லட்சணம்போலச் சொல்லிக்கொள்வார்.

தங்கை மேகலாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்தது. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். சாமி முன்னால் நாற்காலி போடமாட்டார்கள். தரையில் உட்கார்ந்து, குத்தி முடிந்ததும் பிள்ளையோடு எழுந்து கோயிலைச் சுற்றவேண்டும்.

"ஒன்னால முடியுமாண்ணே? இல்லாட்டி ஜெயசீலண்ணன ஒக்கார வச்சிக்கிறேன்."

ஜெயசீலன் அவர்களுடைய பெரியப்பா மகன். காசிநாதனைவிட இரண்டு வயது மூத்தவர், சோம்பலில் சமம்.

"நான் இருக்கறப்ப வேற எவன் ஒக்காருவான்?" என்றார் காசிநாதன்.

மூன்று மாதம் இருந்தது. காசிநாதனும், எதற்கும் இருக்கட்டுமென்று ஜெயசீலனும் டவுனில் பிசியோதெரபி பார்க்கும் ஜோதியிடம் போனார்கள்.

"ஒக்காந்து ஒக்காந்தே தொடைச் சதையக் கரைச்சிட்டீங்க சார். வேலை குடுத்தா இந்த வயசுலயும் பலம் ஏறும். கைய ஊனாம சேர்லேருந்து எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காருங்க. பழகுனதும் அரிசிப் பையப் புடிச்சிக்கிட்டு செய்யுங்க."

ஜெயசீலன் முனகிக்கொண்டே செய்தார். முதல் வாரம் படியிறங்க முடியாமல் தவித்தார். மூன்றாம் மாதம் எட்டு கிலோ பையோடு எழுந்தார். நம்மவரோ நாற்காலியில் சாய்ந்தபடி, அடுப்படியிலிருந்த மனைவி உண்ணாமலைக்குக் கேட்கும்படி பத்து வரை எண்ணுவார். எண்ணிய களைப்புக்கு ஆட்டுக்கால் சூப் கேட்பார். அவளும் நம்பி வைத்துக் கொடுத்தாள். வெட்கங்கெட்ட மனிதர்.

கோயிலில் பொத்தென்று உட்கார்ந்தார். காது குத்தியதும் பிள்ளை வீறிட்டது. எழப் பார்த்தார். இடுப்பு அசையவில்லை. இன்னொரு தடவை உந்தியபோது பிள்ளை மடியிலிருந்து சரிந்தது. பக்கத்தில் சம்மணமிட்டிருந்த ஜெயசீலன் சட்டென்று வாரி அணைத்துக்கொண்டார். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, யாரையும் கூப்பிடாமல் எழுந்து நின்றார்.

"கால் மரத்துப்போச்சு, அதான்" என்றார் காசிநாதன். அப்போதும் பொய்.

மேகலா ஓடிவந்து பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தாள். "நீங்களே தூக்கிட்டு சுத்துங்கண்ணே" என்று ஜெயசீலனிடம் சொன்னாள். உறவுக் கூட்டம் பிள்ளைக்குப் பின்னால் நகர்ந்தது. உண்ணாமலையும் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"மேகலா, ஒரு கை குடு."

"முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிருந்தா நான் என்ன சண்டையா போட்டிருப்பேன்? எம் புள்ளையக் கீழ போட்டிருப்பியே" என்றாள் அவள். கை கொடுக்காமல் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தாள்.