கறை இருக்க வேண்டிய சட்டை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் அந்த அக்கா. இரத்தமோ மருந்தோ மையோ, அவள் கைபட்ட கறை விடைபெற்றுப் போகும். கூடம் மூடப்பட்டபின் வீட்டில் முடங்கிக் கிடந்தவளை, படப்பிடிப்பில் விளக்குப் பிடிக்கும் தம்பிதான் கெஞ்சிக் கூத்தாடி உடைப்பிரிவில் சேர்த்தான். சரிப்பட்டால் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள் அப்பிரிவின் தலைவி.

அது ஒரு நகைச்சுவைப் படம். மாளிகையில் வளர்ந்த செல்லப்பிள்ளை ஒருவன், தெருவில் ராப் பாடித் திரிபவனைப் போலத் தொளதொளச் சட்டையும் பட்டைச் சங்கிலியுமாக வேடங்கட்டி, உண்மையான தெருப்பிள்ளைகளிடம் வகையாக மாட்டிக்கொள்ளும் கதை. அவர்கள் துரத்த, அவன் தெருமுனை வரை ஓடிவந்ததை முதல்நாள் எடுத்தார்கள். முனை திரும்பி ஓடுவது மறுநாளைக்கு.

இடைப்பட்ட மாலையில்தான் விபரீதம் விளைந்தது. கூடையில் கிடந்த நாயகனின் சட்டையின் கையில் கிரீஸ் கறை, முழங்கையில் கிழிசல். அக்காவின் கை சும்மா இருக்குமா? ஊறவைத்துக் கசக்கி, கிழிசலை இழையோடித் தைத்து, மடிப்பு நிற்கத் தேய்த்து மாட்டினாள். காலையில் நல்ல வார்த்தை கிடைக்கும் என்றிருந்தாள்.

தலைவி தலையில் கைவைத்தாள். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? முனை திரும்பறதுக்குள்ள அவன் லாண்டரிக்குப் போயிட்டு வந்தானா?"

"அழுக்கா இருந்துச்சேன்னு..."

"அந்த அழுக்கு நான் பாத்துப் பாத்துப் போட்டதும்மா! டைரக்டர் காதுக்குப் போறதுக்குள்ள பழையபடி ஆக்குங்க. இல்லேன்னா நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

விளக்குக் கம்பத்தோடு வந்த தம்பி முணுமுணுத்தான்: "என் மானத்தையும் சேத்துத் துவைச்சிட்டியேக்கா."

முதல்நாள் சட்டையைப் படமெடுத்து வைக்கத் தலைவி மறந்திருந்தாள். நாயகன் கண்ணாடிமுன் நின்று தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் ஒன்றே கைபேசியில் இருந்தது. அதைப் பார்த்து, இடக்கையில் கிரீஸைத் தேய்த்தாள் அக்கா. வலமுழங்கையில் தான் போட்ட தையலைப் பிரித்து, கிழிசலை இடமுழங்கைக்கு மாற்றவும் தலைவி சொன்னாள்: "படத்துல அங்கதானே இருக்கு? நீங்க மாத்தித் தச்சிருப்பீங்க." கிழிசல் எப்படி இடம் மாறும் என்று அக்கா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலப்பக்கத் தையலை அப்படியே விட்டு, இடப்பக்கம் கிழித்தாள்.

நாயகன் ஓடினான். இயக்குநர் திருப்தி என்றார். தலைவி பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான் நாயகன் ஒப்பனைக் கண்ணாடிமுன் நின்று தொப்பியைக் கோணலாக்கிக்கொண்டான். கண்ணாடிக்குள் அந்த இடக்கைக் கறை வலக்கையில் தெரிந்தது. அக்காவுக்குப் பொறிதட்டியது. கண்ணாடிப் படத்தில் இடக்கை என்றால், மெய்யில் வலக்கையல்லவா! தன் தையல் இருந்த பக்கமே சரியான பக்கம்.

வாய் திறந்தால் வேலை போகும். தம்பியின் பெயரும் போகும். திறக்காவிட்டால், திரையில் முனை திரும்பியதும் கறை கைமாறும். தம்பி கண்ணாலேயே, வேண்டாம் என்றான். அக்கா இயக்குநர் முன் போய் நின்றாள்.

"சார், கறை இந்தக் கையில இல்ல சார். நான்தான் தெரியாம துவைச்சிட்டேன். திரும்பப் போட்டதும் தப்பாப் போச்சு."

இயக்குநர் தொகுப்பறையிலிருந்து முதல்நாள் காட்சியை வரவழைத்து, இமைக்காமல் பார்த்தார்.

"இந்தக் கறையை எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"எடுக்கறது சீக்கிரம் சார். காயறதுதான்..."

"காயற வேலையை லைட் பாத்துக்கும். போங்க."

இடப்பக்கக் கிழிசலைத் தைத்து, வலப்பக்கத் தையலைப் பிரித்து, கறையைக் கசக்கினாள் அக்கா. தம்பி பெரிய விளக்கைச் சட்டைமேல் திருப்பி, "பேசாத, என்கிட்ட ஒண்ணும் பேசாத," என்றபடி நின்றான். ஈரம் ஆவியாக எழுந்தது. தலைவி நெருங்கிவந்து வலக்கையில் தானே கிரீஸ் தடவினாள். முகம் இன்னும் கடுகடுத்திருந்தது.

"இனிமே என்னைக் கேக்காம ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்கக்கூடாது. நாளைக்கு வந்ததும் முதல்ல என்னைப் பாருங்க."

அக்கா தலையசைத்தாள். தம்பி விளக்கை அணைக்க மறந்து அப்படியே நின்றான்.